அனேக் தமிழ் கண்டென்ஸ்டு எக்ஸ்ட்ராபோல்டு: போர்டு வேலைக்குத் தாங்குமா?

ஒடுங்கிய தமிழ் எழுத்துருவைச் சோதிக்க 'திருப்பாதிரிப்புலியூர்' ஒன்று போதும். 8 அடி போர்டில் அது ஒரே வரியில், தூரத்தில் வரும் பஸ்ஸிலிருந்தே படிக்கும்படி நிற்க வேண்டும். இடம் போதாதபோது பலரும் கைக்குக் கிடைத்த போல்டு எழுத்தைப் பக்கவாட்டில் அமுக்கிவிடுகிறார்கள். 75 சதவீதத்துக்கு அமுக்கினால் 10 மி.மீ. செங்குத்துக்கோடு 7.5 ஆகிறது, படுக்கைக்கோடு 10-லேயே நிற்கிறது. எழுத்து நசுங்கினாற்போல் தெரிவது இதனால்தான்.

ஏக் டைப் என்ற எழுத்துரு வடிவமைப்பு நிறுவனம் வெளியிட்ட அனேக் தமிழ் எழுத்துருவில் இந்த ஒடுக்கம் வரைந்தே செய்யப்பட்டது. அகலம் 75 முதல் 125 வரை, தடிமன் 100 முதல் 800 வரை. நாம் பேசும் கண்டென்ஸ்டு எக்ஸ்ட்ராபோல்டு 75-ம் 800-ம் சேரும் முனை, அதாவது மிக ஒடுங்கி மிகத் தடித்த வடிவம். வளைவுகளின் பக்கங்களை நிமிர்த்தியிருப்பதால் எழுத்துகள் நெருங்கி நின்றாலும் வரி சீராக ஓடுகிறது. கடலூர் கடைகளுக்கு இதில் இன்னொரு வசதி: தமிழ் 5, ஆங்கிலம் 3, பிறமொழி 2 என்ற பெயர்ப்பலகை விகிதத்தில் தமிழை அதே அகலத்துக்குள் உயரமாக வைக்கலாம். ஆங்கில எழுத்துகளும் அதே தடிமனில் உள்ளேயே உண்டு. பிரெஞ்சு மேற்குறிகளும் இருப்பதால் புதுச்சேரி கஃபே போர்டுக்கு வேறு எழுத்துரு தேட வேண்டாம்.

குறையும் உண்டு. ண, ஞ, ணை, னை போன்றவற்றில் சுழிகள் அதிகம். 800 தடிமனில் அவற்றின் உள்வெளி (சுழிக்குள் இருக்கும் வெற்றிடம்) மிகவும் குறுகிவிடுகிறது. போர்டில் தெரியாது, விசிட்டிங் கார்டிலும் பில் தலைப்பிலும் மை நிரம்பி அடைத்துக்கொள்ளும். அந்தச் சின்ன அளவுகளுக்கு 600 தடிமனுக்கு இறங்குவதே சரி. 'அண்ணாமலை', 'மஞ்சள்' போன்ற பெயர்களுக்குப் போர்டிலேயே 700 போதும். ஆங்கிலத் தலைப்புக்குச் செய்வதுபோல் வரிகளை ஒட்டி வைக்காதீர்கள். மேல்வரியின் 'பூ' இறங்கி, கீழ்வரியின் புள்ளியில் இடிக்கும். வரி இடைவெளி எழுத்தளவில் 115 முதல் 120 சதவீதம் இருக்கட்டும்.

ஒட்டும் வினைல் தாளில் எழுத்தை வெட்டியெடுக்கும் வினைல் கட்டிங்கில்தான் பணம் வீணாகும். எல்லா அகலமும் தடிமனும் ஒன்றிலேயே அடங்கிய வேரியபிள் கோப்பில் ஒரே எழுத்தின் பாகங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கலாம். எழுத்தை வெறும் கோட்டு வடிவமாக மாற்றி (கர்வ்ஸ் ஆக்கி) அப்படியே வெட்டும் இயந்திரமான பிளாட்டருக்கு அனுப்பினால் கத்தி அந்த உள்கோட்டிலும் ஓடி எழுத்தை இரண்டாக்கிவிடும். கூகுள் ஃபான்ட்ஸ் ஜிப்பில் ஒவ்வொரு வடிவமும் தனிக் கோப்பாக இருக்கும் 'ஸ்டேட்டிக்' என்ற கோப்புறை உண்டு. அதிலுள்ள கண்டென்ஸ்டு எக்ஸ்ட்ராபோல்டை நிறுவுங்கள். வேரியபிளைத்தான் பயன்படுத்தினீர்கள் என்றால் கர்வ்ஸுக்குப் பிறகு, பாகங்களை ஒன்றாக இணைக்கும் வெல்ட் கொடுங்கள். புள்ளி தனித்துண்டாக வெட்டுப்படுவதால், சின்ன எழுத்தில், வினைலைப் போர்டுக்கு மாற்ற உதவும் டிரான்ஸ்ஃபர் டேப்போடு உரிந்து வந்துவிடும். 'ர்', 'ப்' வரும் இடங்களை ஒட்டியபின் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இது யூனிகோடு எழுத்துரு. யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவான பாமினியில் அடித்ததை இதில் ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குவியல்தான் வரும். முதலில் யூனிகோடு மாற்றியில் (கன்வெர்ட்டர்) போட்டு எடுங்கள். ஃபோட்டோஷாப்பில் 'கொ'வின் கொம்பு இடம் மாறி விழுந்தால் எழுத்துருவில் பிழையில்லை. டைப் அமைப்புகளில் வேர்ல்டு ரெடி லேஅவுட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பழைய கோரல்ட்ரா இதையெல்லாம் தாங்காது. வேறு மென்பொருளில் அமைத்து, கர்வ்ஸாகக் கொண்டுவருவதே வழி.

விலை கிடையாது. திறந்த உரிமம் என்பதால் கடை போர்டு, பிளெக்ஸ், பாக்கெட் அச்சு எதற்கும் பயன்படுத்தலாம்; எழுத்துருவை மட்டும் தனியாக விற்கக் கூடாது. மெனு கார்டின் உள்வரிகளுக்கும் அழைப்பிதழ் வாசகத்துக்கும் இந்தத் தடிமன் வேண்டாம், அங்கே இதே குடும்பத்தின் 400 தடிமன், 100 அகலம் நன்றாக உட்காரும்.