ஆட்டம் முடியும் நேரமே அளவுகோல்: கேமிங் சென்டர் கட்டணத்தில் ஐந்தாண்டு அனுபவம்

பதினாறு சிஸ்டங்கள் கொண்ட ஒரு கேமிங் சென்டரை ஐந்து ஆண்டுகளாக நடத்திவருகிறேன். இதற்குள் நான்கு கட்டண முறைகளை வைத்துப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொன்றையும் குறைந்தது ஆறு மாதமாவது நடைமுறையில் வைத்து, தினசரிக் கணக்கைப் பார்த்த பிறகே அடுத்ததற்குப் போனேன். புதிதாகச் சென்டர் தொடங்குபவர்களுக்கு இந்த அனுபவம் உதவும் என்று நம்புகிறேன். வாடகையும் பண மதிப்பும் இடத்துக்கு இடம் மாறுபடும் என்பதால், ஒரு மணி நேரத்துக்கான சாதாரணக் கட்டணத்தை 100 என்று வைத்துக்கொண்டு மற்றவற்றை அதனோடு ஒப்பிட்டே சொல்கிறேன்.

தொடக்கத்தில் அரை மணிக் கணக்கில் கட்டணம் வாங்கினோம். ஒரு மணி ஐந்து நிமிடம் உட்கார்ந்தவர் ஒன்றரை மணிக்குப் பணம் கொடுக்க வேண்டியிருந்ததால் கவுண்டரில் நாள்தோறும் வாக்குவாதம் நடந்தது. அதைத் தவிர்ப்பதற்காக நிமிடக் கணக்குக்கு மாறினோம். விளையாடிய நிமிடத்துக்கு மட்டும் பணம் என்பது யாரும் குறை சொல்ல முடியாத ஏற்பாடு என்றுதான் நினைத்தேன். ஆனால் வந்தவர்களின் கண் பாதி நேரம் திரையின் மூலையில் ஓடும் டைமரிலேயே இருந்தது; முன்பு இரண்டு மணி நேரம் இருந்தவர்கள் ஐம்பது நிமிடத்தில் எழுந்து போனார்கள். வாக்குவாதம் நின்றது, வருமானமும் குறைந்தது.

கட்டணத்தை எந்த அளவில் வகுக்க வேண்டும் என்பதை எனக்குப் புரியவைத்தது ஒரு மாலை நேரச் சம்பவம். ஐந்து நண்பர்கள் சேர்ந்து வேலரன்ட் (ஐந்து பேர் கொண்ட இரண்டு அணிகள் மோதும் துப்பாக்கிச் சண்டை விளையாட்டு) விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஆட்டம் 12-க்கு 12 என்று சமநிலையில் நின்றது; இனி எதிரணியைவிட இரண்டு ரவுண்டு கூடுதலாக வெல்பவர்களுக்கே வெற்றி. அவர்களில் ஒருவனுடைய பணம் தீர்ந்து, எங்கள் மென்பொருள் அவன் திரையைப் பூட்டிவிட்டது. அவன் ஹெட்செட்டைக் கழற்றாமலேயே எழுந்து, வயர் இழுபட, "அண்ணா, ரெண்டே ரவுண்டுண்ணா, ப்ளீஸ் திறந்துவிடுங்க" என்று கத்தினான். நான் கவுண்டரிலிருந்து நேரம் சேர்த்துத் திரையைத் திறப்பதற்குள் ஒரு ரவுண்டு போய்விட்டது, அடுத்ததையும் இழந்தார்கள். அவனைவிட மற்ற நால்வரின் முகம்தான் எனக்கு இன்றும் நினைவில் இருக்கிறது. நான் பிடித்துவைத்தது சில நிமிடங்களுக்கான பணம். அவர்கள் இழந்தது நாற்பது நிமிட உழைப்பு.

அன்று இரவே ஆட்டங்களின் நீளத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வேலரன்ட்டிலும் அதே வகையான கவுன்ட்டர்-ஸ்ட்ரைக் 2-இலும், 12-12 என்ற சமநிலை வராவிட்டால், முதலில் 13 ரவுண்டு வெல்லும் அணி ஜெயிக்கும். ஒரு ரேங்க் ஆட்டம் (தரவரிசைக்காக ஆடுவது) முடிய ஏறக்குறைய 35 முதல் 40 நிமிடம் ஆகும். எதிரணியின் தளத்தைத் தகர்க்கும் விளையாட்டான டோட்டா 2-க்கு இத்தனை நிமிடம் என்ற வரம்பே கிடையாது. நாற்பது நிமிடத்தைத் தாண்டுவது சாதாரணம். எதிரணி கிடைக்கும்வரை காத்திருப்பது, கதாபாத்திரத்தைத் தேர்ந்தெடுப்பது எல்லாம் இதற்கு மேல். பாதியில் வெளியேறினால் சிறிது நேரம் அடுத்த ஆட்டத்தில் சேரவே முடியாதபடி தடையும் விழும். அப்படியென்றால் ஒரு மணி நேரம் வாங்கியவர் ஓர் ஆட்டம் முடித்துவிட்டு, மிச்சம் இருக்கும் இருபது நிமிடத்தை என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருப்பார். அந்த இருபது நிமிடத்துக்கும் அவர் பணம் கொடுத்திருக்கிறார். ஒரு மணி நேரம் என்பது கணக்கு எழுதுபவருக்கு வசதியான அளவே தவிர, விளையாடுபவருக்குப் பொருந்தும் அளவே அல்ல.

மூன்றாவது முறை இதிலிருந்துதான் வந்தது. இரண்டு ஆட்டம் அடங்கும் ஒன்றரை மணி நேரத்தை 140-க்கும், மூன்று மணி நேரத்தை 255-க்கும், ஐந்து மணி நேரத்தை 375-க்கும் கொடுத்தோம்; மணிக் கணக்கில் பார்த்தால் இவை சுமார் 93, 85, 75 ஆகும். ஒரு மணி நேரக் கட்டணத்தையும் எடுத்துவிடவில்லை, ஆனால் இப்போது அதை வாங்குபவர்கள் குறைவு. கூடவே பத்து நிமிடத்துக்கு முன்பே திரையில் அறிவிப்பு வரும்படி செய்தோம். நேரம் தீர்ந்தாலும் நடக்கும் ஆட்டம் முடியும்வரை திரை பூட்டப்படாது. கூடுதலான நிமிடங்கள் அடுத்த வருகையின் கணக்கில் கழியும். இதனால் எங்களுக்கு ஏற்பட்ட இழப்பு அற்பம். திரும்ப வராமல் ஏமாற்றியவர்கள் இதுவரை விரல்விட்டு எண்ணும் அளவுக்குக்கூட இல்லை.

தள்ளுபடியை எதுவரை கொடுக்கலாம் என்பதற்குச் செலவைப் பிரித்துப் பார்க்க வேண்டும். எங்கள் சிஸ்டம் ஒன்று விளையாட்டு ஓடும்போது மானிட்டரோடு சேர்த்து ஏறத்தாழ 350 வாட் இழுப்பதை மீட்டர் மாட்டி அளந்தேன். அந்த மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாகவே அறைக்குள் வந்து சேரும். பதினாறு சிஸ்டத்துக்கு 5.6 கிலோவாட், உட்கார்ந்திருக்கும் ஒருவரின் உடல் வெப்பம் சுமார் 100 வாட் என்று கொண்டால் இன்னும் 1.6 கிலோவாட். ஏசியின் ஒரு டன் என்பது சுமார் 3.5 கிலோவாட் என்பதால், வெயிலைச் சேர்க்காமலேயே இரண்டு டன் தேவைப்படுகிறது. நாங்கள் முதலில் ஒன்றரை டன் ஏசி ஒன்றுதான் மாட்டியிருந்தோம். கூட்டம் நிறைந்த மாலைகளில் கிராபிக்ஸ் கார்டுகள் சூடேறித் தாமே வேகத்தைக் குறைத்துக்கொண்டன. வந்தவர்கள் நெட் சரியில்லை என்று புகார் சொன்னார்கள், நானும் பல வாரம் கேபிளை மாற்றிக்கொண்டிருந்தேன்.

குளிரூட்டும் மின்சாரத்தையும் சேர்த்தால், ஒருவர் ஒரு மணி நேரம் விளையாடுவதால் கூடும் செலவு அரை யூனிட் மின்சாரமும் கருவிகளின் தேய்மானமும்தான். வாடகை, சம்பளம், இணைய இணைப்பு ஆகியவை ஆள் வந்தாலும் வராவிட்டாலும் போய்க்கொண்டிருப்பவை. பதிமூன்று மணி நேரம் திறந்திருக்கும் பதினாறு இருக்கைகளுக்கு ஒரு நாளில் 208 இருக்கை மணிகள் உண்டு. அவற்றில் விற்காமல் போனதை மறுநாளைக்கு எடுத்துவைக்க முடியாது. ஆகவே ஆளில்லாத காலை நேரத்தில் 60-க்குக் கொடுப்பதால் நட்டம் இல்லை. இதில் ஒரே ஒரு நிபந்தனை உண்டு: அது காலை நேரத்தின் விலையாக மட்டுமே இருக்க வேண்டும்; மாலையில் ஒருவருக்கும் அந்த விலை கிடைக்கக் கூடாது. தெரிந்தவர் என்று ஒருவருக்குக் கொடுத்தால் ஒரு வாரத்தில் எல்லோருக்கும் அதுவே விலையாகிவிடும்.

என்னுடைய பெரிய தவறும் இதில்தான் நேர்ந்தது. அருகில் இன்னொரு சென்டர் திறந்தபோது பயந்துபோய் எல்லா நேரத்துக்கும் 25 சதவீதம் குறைத்தேன். அப்படிக் குறைத்தால் பழைய வருமானத்தை எட்டவே மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக விற்க வேண்டும். காலையில் அது முடியலாம். மாலையில் பதினாறு இருக்கையும் ஏற்கெனவே நிரம்பியிருந்தன. பழைய வருமானம் வேண்டுமென்றால் அங்கே இருபத்தொரு பேருக்கு மேல் உட்கார வேண்டும். இந்த எளிய வகுத்தலைச் செய்யாமலேயே எட்டு மாதம் ஓட்டினேன். பிறகு விலையை ஏற்றியபோது கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்வது குறைத்ததைவிடக் கடினமாக இருந்தது. இப்போது அடிப்படை விலையைத் தொடுவதே இல்லை.

விலையை ஒட்டி நான் செய்த இன்னொரு சோதனை உயர்தர இருக்கைகள். ஆறு சிஸ்டங்களில் 240 ஹெர்ட்ஸ் மானிட்டர் போட்டு, மணிக்கு 130 என்று வைத்தேன். 60 ஹெர்ட்ஸில் 16.7 மில்லி வினாடிக்கு ஒருமுறை மாறும் திரை, 144 ஹெர்ட்ஸில் 6.9-க்கும் 240 ஹெர்ட்ஸில் 4.2-க்கும் ஒருமுறை மாறும். முதல் தாவலை எல்லோரும் உடனே உணர்ந்தார்கள். இரண்டாவதை உணர்ந்து காசு கொடுத்தவர்கள் மிகச் சிலர். அவர்களைவிட அதிகமானவர்கள் கேட்டது வேறொன்று: "ஐந்து பேரும் வரிசையாக உட்கார இடம் கிடைக்குமா?" எங்கள் மேசைகள் நான்கு நான்காக இருந்தன, ஐந்தாவது ஆள் எப்போதும் எதிர்ச் சுவரைப் பார்த்தபடி தனியே உட்கார்ந்து கத்திக்கொண்டிருப்பான். அணி ஐந்து பேர் கொண்டதாக இருக்கும்போது மேசையை நான்காக அமைத்தது யோசனையற்ற செயல். ஐந்து ஐந்தாக மூன்று வரிசை போட்டோம். வரிசை முழுவதையும் முன்பதிவு செய்பவர்களுக்குக் கட்டணம் குறைக்கவில்லை, இடத்தை மட்டும் உறுதி செய்தோம். அதற்கே மாலை நேரம் முன்கூட்டி நிரம்பத் தொடங்கியது.

மிஞ்சிய பதினாறாவது சிஸ்டத்தை மாலையில் விற்பதில்லை. விளையாட்டின் நடுவே ஏதாவது ஒரு சிஸ்டம் நின்றுவிட்டால் அந்த வாடிக்கையாளர் இரண்டு நிமிடத்தில் அங்கே மாறி உட்காரலாம். ஒரு இருக்கையின் வருமானத்தை விடுகிறோமே என்று முதலில் தயங்கினேன். இப்போது எங்கள் சேவைகளில் நான் மிகவும் மதிப்பது அதைத்தான்.

அப்டேட் விஷயத்தைக் கட்டணத்தோடு சேர்த்தே திட்டமிட வேண்டும். 100 எம்பிபிஎஸ் இணைப்பில் 50 ஜிபி இறங்க, இணைப்பு முழு வேகத்தில் ஓடினாலும் ஒரு மணி ஏழு நிமிடம் ஆகும். பதினாறு சிஸ்டத்துக்கும் தனித்தனியே இறக்கினால் பதினெட்டு மணி நேரம். அந்த நேரத்தில் விளையாடுபவரின் பிங் (இணையம் பதில் தர ஆகும் தாமதம்) எகிறும். ஒரு சிஸ்டத்தில் இறக்கி மற்றவற்றுக்கு உள் நெட்வொர்க் வழியே அனுப்புவதே வழி. விளையாட்டுகளை வாங்கி இறக்கும் தளமான ஸ்டீமில் இந்த வசதி 2023-இல் வந்தது. எல்லாச் சிஸ்டங்களும் ஒரே சர்வரிலிருந்து துவங்கும் ஹார்ட் டிஸ்க் இல்லாத அமைப்பும் உண்டு, சிஸ்டங்கள் முப்பதைத் தாண்டினால் அதையே பரிந்துரைப்பேன். எப்படியானாலும் பணம் கொடுத்தவரின் டைமர் ஓடும்போது அப்டேட் ஓடக் கூடாது. ஓடினால் அந்த நிமிடங்களை நாங்களே கணக்கில் திருப்பிச் சேர்த்துவிடுகிறோம், அவர் கேட்க வேண்டியதில்லை.

உரிமம் பற்றியும் சொல்ல வேண்டும். தனிநபர் ஸ்டீம் கணக்கில் வாங்கிய விளையாட்டுகளை வாடகைக்கு விடுவதற்கு அனுமதி இல்லை. சென்டர்களுக்கென்று ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம் தனித் திட்டம் வைத்திருக்கிறது. நாங்கள் பெரும்பாலும் வாடிக்கையாளர் தம் சொந்தக் கணக்கில் நுழைந்து ஆடும் இலவச விளையாட்டுகளையே நம்புகிறோம். அதனால் அவர் எழுந்ததும் எல்லாக் கணக்குகளும் தாமாக வெளியேறி, சிஸ்டம் பழைய நிலைக்குத் திரும்பும்படி அமைத்திருக்கிறோம். இதைச் செய்யாத நாட்களில் ஒரு மாணவரின் கணக்கு திறந்தபடியே கிடந்து, அடுத்து உட்கார்ந்தவர் அதில் விளையாடி ரேங்கைக் கெடுத்துவிட்டார். அந்தப் பையன் ஆறு மாதம் சேர்த்த ரேங்க் அது.

தேய்மானத்துக்கு எடுத்துவைக்காதவர்கள் மூன்றாம் ஆண்டில் திணறுகிறார்கள். ஒரு சிஸ்டம் நான்கு ஆண்டு உழைக்கும், சராசரியாக நாளுக்கு ஆறு மணி நேரம், ஆண்டுக்கு 360 நாள் ஓடும் என்றால் மொத்தம் 8,640 மணி. வாங்கிய விலையை அதனால் வகுத்து வரும் தொகையை ஒவ்வொரு மணி நேர வருமானத்திலிருந்தும் தனியே வைக்கிறேன். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்ததும், விண்டோஸ் 11-இல் வேலரன்ட் ஓட டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி கட்டாயம் என்பதும் பழைய மதர்போர்டு வைத்திருந்த பலரை ஒரே நேரத்தில் செலவுக்குத் தள்ளின. மவுஸ் ஒரு கிளிக்கை இரண்டாக அடிப்பதும் ஹெட்செட்டின் மெத்தை உரிவதும் இதற்கு முன்பே வந்துவிடும். அவற்றுக்குத் தனி ஒதுக்கீடு வேண்டும்.

முன்பணமாகக் கட்டிய நேரத்துக்கு முதலில் முப்பது நாள் கெடு வைத்திருந்தோம். தேர்வு முடிந்து வந்த மாணவர்களிடம் "உங்கள் நேரம் காலாவதியாகிவிட்டது" என்று சொல்ல நேர்ந்தபோது வெட்கமாக இருந்தது. இப்போது ஆறு மாதம். அந்தத் தொகை விளையாடி முடிக்கும்வரை நம் வருமானம் அல்ல, அவர்களுக்கு நாம் தர வேண்டிய கடன் என்ற எண்ணத்தில்தான் கணக்கு எழுதுகிறேன்.

இரவு முழுவதும் ஒரே விலை என்ற பேக்கேஜை ஓராண்டில் நிறுத்திவிட்டேன். லாபம் வந்தது; ஆனால் விடிகாலையில் கீபோர்டில் தலை சாய்த்துத் தூங்கும் பிள்ளைகளை எழுப்பி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. விளையாட்டுக்கு அடிமையாதலை உலக சுகாதார அமைப்பு ஐசிடி-11 நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது; அந்தப் பட்டியல் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஒரே நாளில் ஒருவருக்கு விற்பதில்லை என்று அப்போது வைத்த விதியை இன்றுவரை தளர்த்தவில்லை.

இப்போது நடப்பது நான்காவது முறை. மூன்றாவது முறையின் பேக்கேஜ்கள் அப்படியே இருக்கின்றன, அவற்றோடு காலை விலையும் வரிசை முன்பதிவும் சேர்ந்திருக்கின்றன. போட்டி நடக்கும் நாட்களுக்கான கட்டணம் மட்டும் எனக்கு இன்னும் கைவரவில்லை. நுழைவுக் கட்டணம் வாங்கினால் முதல் சுற்றிலேயே தோற்ற அணி அரை மணியில் வெளியே நிற்கிறது. தோற்றவர்களுக்கு மறுநாள் காலை ஒன்றரை மணி நேரம் கொடுக்கும் ஏற்பாட்டை அடுத்த மாதப் போட்டியில் தொடங்குகிறேன். ஆறு மாதக் கணக்கு கைக்கு வந்ததும் அதையும் எழுதுகிறேன்.