செங்கோட்டைத் தகரப் புனல்: மண் சிற்றுண்ணி பிரிக்கப் போதுமா?

செங்கோட்டைப் பட்டறையில் சொல்லிச் செய்து வாங்கும் தகர டல்கிரன் புனல் இந்த வேலைக்குத் தாராளமாகப் போதும். வலைமேல் பரப்பிய மண்ணை மேலிருக்கும் பல்பு காயவைக்க, அதிலுள்ள சிற்றுண்ணிகள் (mites, மிகச் சிறிய எட்டுக்கால் உயிரிகள்) ஈரம் தேடிக் கீழிறங்கி அடிக்குப்பியில் விழும் கருவி இது. (மண்ணெண்ணெய் ஊற்றும் புனலா என்று கேட்பார்கள், அளவை மட்டும் சொல்லுங்கள்.) உள்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். பற்றவைத்த ஈயம் துருத்தியிருந்தால் சிற்றுண்ணிகள் அங்கேயே ஒட்டிக் காய்ந்துவிடும். மண்ணைத் தாங்கக் கொசுவலை வேண்டாம், 2 மி.மீ. கண்ணுள்ள கம்பிவலை கேளுங்கள்.

பெரிய குறை, கூடவே தரும் 60 வாட் பல்பு. மேல்மண் சட்டென்று காய்ந்து, மெதுவாக நகரும் ஒரிபாட்டிட் (oribatid) வகைச் சிற்றுண்ணிகள் கீழே இறங்குமுன் செத்துவிடும். 25 வாட் போதும். மண் 5 செ.மீ. கனத்துக்கு மேல் வேண்டாம். சாரல் கால ஈரமண்ணுக்கு ஒரு வாரம் கொடுங்கள். மண்ணைப் பரப்பிய பிறகே 75% எத்தனால் குப்பியை அடியில் வையுங்கள், இல்லையேல் புழுதிதான் சேரும்.

கிடைத்த சிற்றுண்ணி புது இனமா என்பது நுண்ணோக்கி வேலை. லாக்டிக் அமிலத்தில் தெளியவைத்து, குழித்தகட்டில் (நடுவில் குழியுள்ள கண்ணாடிச் சில்லு) புரட்டிப் புரட்டி முதுகுமயிர்களை வரைய வேண்டும். மாதிரியைத் தகட்டில் நிலைநிறுத்தும் ஹோயர் கலவையில் ஏற்றினால் நன்றாக உலர்த்தி, மூடுகண்ணாடியின் ஓரத்தை அடையுங்கள். இந்த ஊர் ஈரத்தை அது உறிஞ்சிவிடும். பெயரிடும்போது மூலமாதிரியையும் (holotype, பெயருக்கு ஆதாரமான ஒற்றை மாதிரி) அது இருக்கும் சேகரிப்பையும் குறிப்பிடாவிட்டால் பெயர் செல்லாது.