பிள்ளைகள் இல்லாமல் தீம் பார்க்: டோக்கியோவா, ஹாங்காங்கா, செந்தோசாவா?

"பிள்ளைக இல்லாம அங்க போயி என்னத்த கண்ணு பண்ணுவீங்க?" என்று கேட்டார் எங்கள் பெரியத்தை. ஹாங்காங் டிஸ்னிலேண்டுக்கு டிக்கெட் போட்டிருக்கிறோம் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் வந்த கேள்வி. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் இந்த மாதிரிக் கேள்விகள் பழகிவிட்டன. ஆனால் அதிலிருக்கும் குத்தலை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் கேள்வி நியாயமானதுதான். பொம்மை வேஷக்காரரைப் பார்த்துத் துள்ளிக் குதிக்க ஆள் இல்லை, தூக்கிக் காட்டத் தோளில் பாரம் இல்லை. நாற்பதை நெருங்கும் இருவர் அங்கே போய் என்ன செய்வது?

ஆறு வருஷத்தில் மூன்று இடங்களுக்குப் போய் வந்தாயிற்று: சிங்கப்பூரின் செந்தோசா, ஹாங்காங் டிஸ்னிலேண்ட், கடைசியாக டோக்கியோ டிஸ்னிசீ. இந்த ஒப்பீட்டில் எங்கள் வீட்டு நிலவரமும் கலந்திருக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு ரோலர் கோஸ்டர் என்றால் பைத்தியம். வீட்டுக்காரர் ஊட்டிக்குப் பஸ்ஸில் போகும்போதே கொண்டை ஊசி வளைவுக்கு ஒரு எலுமிச்சம்பழம் முகர்பவர். அதோடு சுத்த சைவம். ஆகவே ஒருத்தி சவாரி போகும்போது இன்னொருவர் என்ன செய்வார், என்ன சாப்பிடுவார் என்பது எங்களுக்குச் சின்ன விஷயம் இல்லை.

ஆறு மணிக்கு மேல் என்ன இருக்கிறது?

நெட்டில் கிடைக்கும் ஆலோசனை எல்லாம் பிள்ளைகளை வைத்திருப்பவர்களுக்கு எழுதியது. கதவு திறக்கும் முன்பே போய் நில், ஓடு, மத்தியானம் தூங்க வை, ஏழு மணிக்குள் ரூமுக்குத் திரும்பு. இரண்டே பேர் போனால் நாள் தலைகீழாக மாறுகிறது. மெதுவாக எழுந்து, மெதுவாகச் சாப்பிட்டு, வெயில் தாழ்ந்த பிறகுதான் ஊர் அழகாகத் தெரிய ஆரம்பிக்கிறது. அதனால் எத்தனை சவாரி என்று இப்போதெல்லாம் நான் எண்ணுவதில்லை. ஆறு மணிக்கு மேல் அங்கே என்ன இருக்கிறது என்று மட்டும் பார்க்கிறேன்.

இந்தக் கணக்கில் டிஸ்னிசீயை மற்ற இரண்டும் நெருங்க முடியாது. 2001 செப்டம்பரில் திறந்த பார்க் இது. பக்கத்திலேயே இருக்கும் டோக்கியோ டிஸ்னிலேண்ட் 1983இல் வந்தது. சிண்டரெல்லாவின் கோட்டை அங்கே. டிஸ்னிசீக்கு நடுவில் இருப்பது ஒரு துறைமுகம். இத்தாலியக் கரையோர ஊர் மாதிரி கட்டடங்கள், அவற்றுக்குப் பின்னால் அவ்வப்போது புகை கக்கும் ப்ரொமிதியஸ் எரிமலை. ஒரு பக்கம் எஸ்.எஸ். கொலம்பியா என்ற பெரிய கப்பல் கட்டி நிற்கிறது. அதற்குள் மரப்பலகைச் சுவரும் தோல் நாற்காலியுமாக ஒரு மதுக்கூடம். ஆமாம், இங்கே ஆரம்பத்திலிருந்தே மது உண்டு. நாங்கள் குடிப்பதில்லை. ஆனால் பெரியவர்களும் வந்து உட்காரட்டும் என்று நினைத்துக் கட்டிய இடம் இது என்பது அந்த நாற்காலியில் சாய்ந்ததும் புரிந்துவிடும். இருட்டியதும் விளக்குகள் தண்ணீரில் ஆடும். வெனிஸ் பாணிப் படகில் ஏறினால் ஜப்பானியப் படகோட்டி இத்தாலிய மொழியில் வணக்கம் சொல்லிப் பாடிக்கொண்டே துடுப்புப் போடுவார். அபத்தம்தான். ஆனால் அந்த நேரத்தில் அப்படித் தோன்றவில்லை.

அங்கே இன்னொன்று கவனித்தேன். பிள்ளைகள் இல்லாத ஜோடிகள், தோழிகள், தாத்தா பாட்டிகள் சர்வசாதாரணமாக வருகிறார்கள். ஒரே மாதிரி உடை போட்டு, ஒரே மாதிரிக் காது மாட்டிக்கொண்டு முப்பது வயது ஆணும் பெண்ணும் திரிகிறார்கள். யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. மற்ற இரண்டு ஊரிலும், குழந்தை எங்கே என்று கேட்கும் பார்வை ஒன்றிரண்டாவது எங்கள் மேல் விழுந்தது. அல்லது எனக்கு அப்படித் தோன்றியது.

காசு விஷயத்திலும் மாலைக்கு ஒரு சலுகை இருக்கிறது. முழுநாள் சீட்டு நாளைப் பொறுத்து 7,900 முதல் 10,900 யென் வரை. வார நாட்களில் மாலை 5 மணிக்கு மேல் நுழையத் தனிச் சீட்டு விற்கிறார்கள், விலை அதில் பாதிக்குச் சற்று மேல். சனி, ஞாயிறு என்றால் 3 மணிச் சீட்டு. பிள்ளையோடு வருபவர்களுக்கு இது உதவாது, நமக்கென்றே செய்தது போல இருக்கும். எந்தெந்த நாளுக்கு விற்கிறார்கள் என்று மட்டும் முன்னதாகவே பார்த்துக்கொள்ள வேண்டும்.

செந்தோசாவில் கதை வேறு. 2010இல் திறந்த யுனிவர்சல் ஸ்டுடியோஸ் சிங்கப்பூர் பெரும்பாலான நாட்களில் ஏழு மணி வாக்கிலேயே கதவைச் சாத்திவிடும். பார்க்கை மட்டும் பார்த்தால் மாலைக்கு மதிப்பெண் பூஜ்ஜியம். ஆனால் வெளியே வந்தால் ஒரு தீவே இருக்கிறது. சிலோசோ, பலவான், தஞ்சோங் என்று வரிசையாகக் கடற்கரைகள், அவற்றுக்கு இலவச பஸ். மலைக்குப் போகும் கேபிள் கார். எதிர்க்கரையில் இருக்கும் விவோசிட்டி மாலுக்குக் கடல்மேல் போட்ட நடைபாலத்தில் காற்று வாங்கிக்கொண்டே நடந்து போகலாம். ஒரு காலத்தில் 'பின்னால் சாவு' என்று பொருள்படும் மலாய்ப் பெயரோடு இருந்த தீவு இது. எழுபதுகளில் சுற்றுலாவுக்காகப் பெயரை மாற்றினார்கள். செந்தோசா என்பது நாம் சொல்லும் சந்தோஷத்துக்கு உறவுக்காரச் சொல்தான்.

ஹாங்காங் இரண்டுக்கும் நடுவில். இரவு கோட்டைமேல் ஒளியும் நீரும் வாணவேடிக்கையுமாக ஒரு காட்சி, நன்றாகவே இருக்கும். அது முடிந்ததும் மொத்தக் கூட்டமும் ரயிலைப் பார்த்து நடக்கும். ஹோட்டலில் தங்கியிருந்தால் மட்டும் கடலோர நடைபாதை நமக்கு மிஞ்சும். இரவு பத்து மணிக்கு அங்கே எங்களையும் ஒரு காவலாளியையும் தவிர யாரும் இல்லை. மூன்று பயணத்திலும் எங்களுக்குக் கிடைத்த மிக அமைதியான அரைமணி நேரம் அதுதான்.

ஒருவர் ஏறுவார், ஒருவர் ஏறமாட்டார்

சவாரிப் பிரியருக்கு என் ஓட்டு சிங்கப்பூருக்கு. அங்கே மனிதர், சைலான் என்று இரட்டை ரோலர் கோஸ்டர் இருக்கிறது. ஒன்றில் உட்கார்ந்து போகலாம், மற்றதில் கால் தொங்கும். மோதிவிடும் என்று நினைக்கும்படி இரண்டும் எதிரெதிரே வந்து விலகும். 2013இல் மூடி, 2015இல் மறுபடி திறந்தபோது வரிசைக்கு நான்கு இருக்கை இருந்ததை இரண்டாகக் குறைத்துவிட்டார்கள். ஜோடிக்கு அளவெடுத்த மாதிரி ஆகிவிட்டது. என் பக்கத்து இருக்கையில் என்னமோ ஒரு கொரியப் பையன்தான் உட்கார்ந்திருந்தான். என் ஜோடி கீழே பையைக் காவல் காத்துக்கொண்டிருந்தது.

வீட்டுக்காரருக்கு யுனிவர்சலுக்குள் பெரிதாக வேலை இல்லை. இரண்டு மணி நேரத்தில் அவர் முகம் ரேஷன் கடை வரிசையில் நிற்பவர் முகம் போல ஆகிவிட்டது. அவரை அனுப்ப வெளியே பெரிய கடல்வாழ் காட்சியகம் இருக்கிறது என்பதுதான் செந்தோசாவைக் காப்பாற்றுகிறது.

ஹாங்காங் பார்க் சின்னது. 2005இல் திறந்தது, சவாரிகளும் குறைவு. ஆனால் தலைசுற்றல்காரருக்கு அங்கே ஒரு பொக்கிஷம் இருக்கிறது, மிஸ்டிக் மேனர். தண்டவாளமே இல்லாமல் வண்டி தானாகத் திரும்பித் திரும்பி ஒரு பழம்பொருள் மாளிகைக்குள் போகும். வீட்டுக்காரரின் செல்லக் குரங்கு மந்திர இசைப்பெட்டியைத் திறந்துவிட, அங்கிருக்கும் பொருளெல்லாம் உயிர்பெறும். (மாளிகையின் வீட்டுக்காரரைச் சொல்கிறேன், என்னவரை அல்ல.) அதில் அவர் மூன்று முறை ஏறினார்.

இன்னொரு தகவல் நம்மூர் வாஸ்துப் பிரியர்களுக்கு: ஃபெங் சுயி நிபுணரைக் கேட்டு இந்தப் பார்க்கின் வாசலையே 12 டிகிரி திருப்பி அமைத்தார்களாம்.

டிஸ்னிசீயில் ஏறாதவர் சலித்துப்போவதே இல்லை. கடலோடிகளின் பழங்கோட்டை ஒன்றுக்குள் புகுந்து பழைய வரைபடங்களும் கருவிகளும் பார்க்கலாம், ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்கு நீராவிப் படகில் போகலாம், கப்பல் மேல்தளத்தில் சும்மா நிற்கலாம். நான் இடிந்த ஹோட்டல் ஒன்றின் லிஃப்டில் ஏறி மேலிருந்து விழுந்துகொண்டிருந்த நேரத்தில் அவர் நியூயார்க் தெரு ஒன்றில் பெஞ்சில் உட்கார்ந்து சுகமாகத் தூங்கியிருக்கிறார்.

வரிசை பற்றி ஒன்று. தனியாக வருபவருக்கென்று சில சவாரிகளில் தனி வரிசை உண்டு, மடமடவென்று நகரும். பிள்ளை இருந்தால் அதில் நுழைய முடியாது, நாம் நுழையலாம். ஆனால் இருவரையும் வெவ்வேறு வண்டியில் ஏற்றிவிடுவார்கள். தேனிலவுக்கு வந்தவர்கள் முக்கால் மணி நேரம் நிற்பதா, ஆளுக்கொரு பக்கம் அலறுவதா என்று முதலிலேயே பேசி வைத்துக்கொள்வது நல்லது. காசு கொடுத்து முன்னால் போகும் வசதி மூன்று ஊரிலும் இருக்கிறது. சிங்கப்பூரில் அந்த எக்ஸ்பிரஸ் சீட்டு சில நாட்களில் நுழைவுச்சீட்டின் விலையையே எட்டிவிடும். எண்பது வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) மேல் கொடுத்து உள்ளே வந்து, அதற்கு மேல் இன்னொரு எண்பதா என்று எனக்குக் கை வரவில்லை.

படுக்கையும் சாப்பாடும்

டிஸ்னிசீக்கு உள்ளேயே, துறைமுகத்தைப் பார்த்தபடி மிராகோஸ்டா என்று ஒரு ஹோட்டல் இருக்கிறது. ஜன்னலிலிருந்தே இரவுக் காட்சி தெரியும் அறைகள் அதில் உண்டு. கல்யாணமே அங்கே நடத்துகிறார்கள். வாடகையைப் பார்த்துவிட்டு நாங்கள் டோக்கியோ நகரத்துக்குள்ளேயே தங்கினோம். கெய்யோ லைன் ரயிலில், பார்க்குக்குப் போக இறங்க வேண்டிய மைஹாமா ஸ்டேஷனுக்குக் கால்மணி நேரம்தான். ஆனால் டோக்கியோ ஸ்டேஷனுக்குள் அந்த லைனின் பிளாட்பாரத்தைத் தேடி நடப்பதற்குள் கால் வலித்துவிடும், அந்த நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஹாங்காங்கில் மட்டும் கஞ்சம் வேண்டாம், ஒரு ராத்திரியாவது உள்ளேயே தங்குங்கள். மேலே சொன்ன நடைபாதைக்காகவே.

ரூம் போடும்போது கட்டில் எப்படிப்பட்டது என்று கேட்டு வாங்குங்கள். மூன்று ஊரில் ஒன்றில், எங்கள் ஏஜென்ட் 'ஃபேமிலி ரூம், ஆஃபரில் கிடைத்தது' என்று பெருமையாகப் போட்டுக் கொடுத்த அறையில் பெரிய கட்டிலே இல்லை. இரண்டு அடுக்குக் கட்டில்தான், அதில் கார்ட்டூன் போட்ட போர்வை. ஆறடி மனிதர் கீழ்த்தட்டில் முழங்காலை மடக்கிக்கொண்டு மூன்று ராத்திரி படுத்தார். பல் துலக்க ஸ்டூல் மேல் ஏற வேண்டியதில்லை என்பதுதான் ஒரே ஆறுதல்.

சாப்பாட்டில் சைவக்காரருக்கு டோக்கியோ சோதனை. காய்கறி சூப் என்று நம்பிக் கிண்ணத்தை எடுத்தால் அடியில் மீன் சாறு இருக்கும். அங்கே பாப்கார்னில் மட்டும் வகைவகையாகச் சுவை, ஒரு வண்டியில் கறி மசாலா, இன்னொன்றில் பால் டீ. ஒரு நாள் முழுக்க அவர் பாப்கார்னிலும் ரொட்டியிலும் ஓட்டினார். ஹாங்காங்கில் ஹலால் உணவகம் ஒன்றில் இந்தியச் சாப்பாடு கிடைத்தது, ருசி சுமார். சிங்கப்பூரில் இந்தக் கவலைக்கே இடமில்லை. விவோசிட்டியை ஒட்டிய ஹார்பர்ஃபிரண்டில் ஊதா லைன் ரயிலில் ஏறினால் மாறாமல் லிட்டில் இந்தியா, ஸ்டேஷன் பெயர்ப் பலகையில் தமிழ். பகலெல்லாம் ரோலர் கோஸ்டர், எட்டரை மணிக்குச் சிராங்கூன் சாலையில் நெய் ரோஸ்ட். அவர் மதிப்பெண் போட்டிருந்தால் இந்த அலசல் இங்கேயே முடிந்திருக்கும்.

எப்போது போவது

பள்ளி விடுமுறைக்குக் கட்டுப்படாதது நமக்கு இருக்கும் பெரிய வசதி. ஆனால் நம்மூர் விடுமுறையை மட்டும் தவிர்த்தால் போதாது. ஏப்ரல் கடைசி, மே ஆரம்பம் ஜப்பானில் கோல்டன் வீக், பக்கமே போகாதீர்கள். அக்டோபர் முதல் வாரம் சீன தேசிய தின விடுமுறை, ஹாங்காங் பிதுங்கும். சிங்கப்பூருக்கு ஜூனும் டிசம்பரும் வேண்டாம். அங்கே எந்த மாதமானாலும் மத்தியான மழை வரும், இடி கேட்டால் வெளிச் சவாரிகளை நிறுத்திவிடுவார்கள். விசா என்று பார்த்தால் ஹாங்காங்தான் எளிது: இந்தியப் பாஸ்போர்ட் இருந்தால் இணையத்தில் முன்பதிவு செய்துவிட்டு 14 நாள் வரை இருக்கலாம். மற்ற இரண்டுக்கும் விசா எடுக்க வேண்டும்.

சரி, எது? மூன்றே நாள் லீவு, முதல் வெளிநாட்டுப் பயணம், ஒருவருக்குச் சவாரி ஒருவருக்குக் கடல் என்றால் செந்தோசா. கையில் பணமும் நாலைந்து நாளும் இருந்து, இருவருக்கும் நடக்கப் பிடிக்கும் என்றால் யோசிக்காமல் டிஸ்னிசீ. ஹாங்காங் பார்க்குக்காக மட்டும் அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்பேன். ஆனால் அதே லண்டாவ் தீவில், டிஸ்னிலேண்ட் ரயிலுக்கு மாறும் சன்னி பே ஸ்டேஷனிலிருந்து அடுத்த ஸ்டேஷனில் இறங்கினால் இருபத்தைந்து நிமிடக் கேபிள் கார், மேலே 34 மீட்டர் வெண்கலப் புத்தர், ஏறிப் போக 268 படி. இதையும் சேர்த்தால் ஒரு நல்ல பயணம் ஆகிவிடுகிறது.

அந்தப் புத்தர் படத்தைப் பெரியத்தையிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "பழனியாட்டம் படி இருக்குது. அடுத்த தடவ போறப்ப என்னையும் கூட்டிட்டுப் போ கண்ணு" என்றார். கூட்டிப் போகலாம் என்றுதான் இருக்கிறோம். ஆனால் அதற்கு முன் நவம்பரில் டோக்கியோவுக்கு இரண்டு பேர், வார நாள், ஐந்து மணிச் சீட்டு.