மஞ்சள் காட்டில் மூன்று வருடம்: ஈரப்பத சென்சார் பொய் சொன்ன நாட்களும் சொல்லாத நாட்களும்

சத்தியமங்கலம் பக்கம் இரண்டரை ஏக்கர் மஞ்சள், கரிசல் மண், சொட்டுநீர். கரண்டு இலவசம்தான், கிணற்றுத் தண்ணீர் அப்படி இல்லையே. மழை தள்ளிப்போனால் ஒன்றரை மணி நேரத்தில் மோட்டார் காற்றை இழுக்கும். அதனால்தான் மண்ணின் ஈரத்தைக் காட்டும் சென்சார் பக்கம் போனேன்.

முதலில் வாங்கியது மண்ணில் குத்தும் இரண்டு முள் உள்ள, விலை மலிந்த சென்சார் பலகை. உரத்தண்ணீர் பட்டுப் பட்டு நான்கு மாதத்தில் முள்ளின் பூச்சு உரிந்துவிட்டது. பூந்தொட்டிக்கு ஆகலாம், காட்டுக்கு ஆகாது. அப்புறம் உள்ளே ஜிப்சம் வைத்து, மின்சாரத்துக்கு இருக்கும் தடையை (resistance) வைத்து ஈரத்தைக் கணக்கிடும் வகை சென்சார் ஆறு வாங்கி, 8 அங்குலத்தில் ஒன்று, 16 அங்குலத்தில் ஒன்று என்று மூன்று இடத்தில் ஜோடியாகப் புதைத்தேன். இது காட்டுவது சென்டிபார் கணக்கு, அதாவது மண் தண்ணீரை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறது என்ற அளவு. எண் ஏற ஏற மண் காய்கிறது என்று அர்த்தம். 10க்குக் கீழே இருந்தால் சொதசொத ஈரம். என் மண்ணுக்கு 50ஐத் தொட்டால் வால்வைத் திறப்பேன்.

முதல் வருடம் ஆடிக் காற்றில் ஒரு கூத்து. இரவு தண்ணீர் விட்டிருக்கிறேன், காலையில் எண் காட்டும் பெட்டி 199, அதாவது சுத்தமாகக் காய்ந்த மண், என்கிறது. சென்சார் போய்விட்டது என்றே முடிவு கட்டி, பிடுங்கலாம் என்று பக்கத்தில் தோண்டினேன். மண்ணைக் கையில் பிடித்தால் உருண்டை பிடிக்கிறது, நல்ல பதம். ஆனால் சென்சாரைச் சுற்றி விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. கரிசல் காயும்போது சுருங்கி விலகிவிட்டது, ஈரம் சென்சாரை எட்டவே இல்லை. தப்பு என்னுடையது: ஊற வைக்காமல், காய்ந்த குழியில் அப்படியே சொருகியிருந்தேன். இப்போது இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு, அதே குழி மண்ணைக் கூழாகக் கரைத்து ஊற்றி, அதற்குள் ஈரத்தோடு இறக்குகிறேன். அதற்குப் பிறகு 199 அபூர்வம்.

இரண்டாவது வருடம் நேர்மாறு. ஒரு ஜோடி பத்து நாளாக 4, 5லேயே நின்றது. ஒயர் மாற்றினேன், பேட்டரி மாற்றினேன், விற்ற கடைக்காரரிடம் போனில் சத்தம்கூடப் போட்டேன். கடைசியில் பார்த்தால் செடி வரிசையோடு ஓடும் சொட்டுநீர்க் குழாயை (லேட்டரல்) அணில் கடித்திருக்கிறது. சருகுக்கு அடியில் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே இருந்திருக்கிறது. சென்சார் உண்மையைத்தான் சொன்னது. கடைக்காரருக்கு மறுபடி போன் போட்டேன், வேறு வழி?

மற்றபடி பெரும்பாலும் தகராறு ஒயர் இணைப்பில்தான். டேப் சுற்றிய ஜாயிண்டில் பச்சை பூத்துவிடும், எண் துள்ளும். கிரீஸ் உள்ள கனெக்டர் போட்டு, தரைக்கு மேலே குழாய்க்குள் ஏற்றியதும் அடங்கிவிட்டது. எலிக்கு மருந்து இல்லை, ஒயரையும் குழாய்க்குள் விடுங்கள்.

மல்டிமீட்டரில் ஓம் பார்த்து சென்சாரைச் சோதிக்க வேண்டாம். அதிலிருந்து போவது நேர்மின்சாரம் (DC), எண் நிலையாக நிற்காமல் நகர்ந்துகொண்டே போகும். சந்தேகம் வந்தால் வாளித் தண்ணீரில் போடுங்கள், 5க்குள் காட்ட வேண்டும். எடுத்துக் காற்றில் காய வைத்தால் ஒன்றிரண்டு நாளில் 150ஐத் தாண்ட வேண்டும். இரண்டும் சரி என்றால் கோளாறு மண்ணிலோ ஒயரிலோ இருக்கிறது.

பக்கத்துத் தோட்டத்து மாமா கரும்புக்கு, கோவை கரும்பு இனப்பெருக்க நிறுவனம் உருவாக்கிய கைக்கருவியை வைத்திருக்கிறார். மண்ணில் குத்தினால் விளக்கு எரியும்: நீலம் என்றால் ஈரம் தாராளம், சிவப்பு என்றால் உடனே பாய்ச்ச வேண்டும். "எனக்கு நம்பர் எதுக்கு மாப்ள, கலர் போதும்" என்பார். அவருக்கு ஒயரும் இல்லை, அணிலும் இல்லை. ஆனால் நடந்து போய்க் குத்த வேண்டும்.

இந்தப் போகத்தில் ஐந்து சரியாக இருக்கின்றன. ஆறாவது வாளியில் 3 காட்டியது. நேற்றிலிருந்து திண்ணையில் காய்கிறது, இன்று காலை 60.