சாண்ட்விச்சும் பாய்காட்டும்

சாண்ட்விச், பாய்காட் (புறக்கணிப்பு) என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களுக்கும் பின்னால் ஒவ்வொரு மனிதர் இருக்கிறார். சாண்ட்விச் பிரபு ஜான் மாண்டகு, சூதாட்ட மேசையை விட்டு எழ மனமின்றி ரொட்டிக்கு நடுவே மாட்டிறைச்சி வைத்துத் தின்றாராம். இல்லை, அலுவல் மேசையில்தான் என்போரும் உண்டு. 1762இல் ஆங்கில வரலாற்றாசிரியர் கிப்பனின் நாட்குறிப்பிலேயே அந்தச் சொல் வந்துவிட்டது.

எனக்குப் பெரிதாகப் படுவது பாய்காட்தான். அதில் ஒரு ஊரின் நெஞ்சுரம் இருக்கிறது. 1880, அயர்லாந்தின் மேயோ பகுதி. பிரபு ஒருவரின் நிலங்களுக்குக் குத்தகை வசூலித்த சார்லஸ் பாய்காட், குத்தகை பாக்கிக்காக உழவர்களை வெளியேற்ற முனைந்தார். யாரும் அவரை அடிக்கவில்லை, ஒதுக்கினார்கள். பண்ணையாட்கள் விலகினர், கடைக்காரர்கள் சரக்கு தர மறுத்தனர், துணி வெளுக்கவும் ஆளில்லை. வயலில் கிடந்த கிழங்கைத் தோண்ட அயர்லாந்தின் வடபகுதியான அல்ஸ்டரிலிருந்து சுமார் 50 பேர் ராணுவக் காவலோடு வந்தார்கள். ஆண்டு முடிவதற்குள் அவர் பெயர் செய்தித்தாள்களில் வினைச்சொல்லாகிவிட்டது.