ஸ்பிரிண்டுக்கு என்று சொல்லி மவுண்டன் பைக்கைத் தலையில் கட்டுகிறார்கள்: நெல்லைப் பெற்றோர் கவனத்துக்கு

திருநெல்வேலியில் ஒரு சைக்கிள் கடை. பத்தாம் வகுப்புப் பையனுக்கு 200, 300 மீட்டர் ஸ்பிரிண்ட் பழக ரேஸ் சைக்கிள் கேட்டுப் போன அப்பாவிடம், "அண்ணாச்சி, ரேஸ் சைக்கிள்ல 14 கியர்தான். இதுல 21 கியர் இருக்கு. அத விட வேகமாப் போகும்" என்று சொல்லி 26 இஞ்ச் மவுண்டன் பைக் ஒன்றை 16,500 ரூபாய்க்குக் கொடுத்திருக்கிறார்கள். பில்லில் "அலாய் ஃப்ரேம், ஷிமானோ கியர்" என்று எழுதியிருக்கிறது. பன்னிரண்டாம் நாள் இடது கிராங்க் (பெடலைத் தாங்கும் கை) ஆடிக் கழன்றது. கடையில் கேட்டால், "தம்பி எந்திரிச்சு நின்னு மிதிச்சிருக்கான், அதுக்கு நாங்க என்ன செய்ய?" என்று பதில். ஸ்பிரிண்ட் என்றாலே எழுந்து நின்று மிதிப்பதுதான். அதற்கென்று சொல்லி விற்றுவிட்டு இப்படிப் பேசுவது அநியாயம். இதே பேச்சை நம்பி இன்னொரு வீட்டில் பணம் போகக் கூடாது என்றுதான் இந்தப் பதிவு.

முதலில் அந்த 21 கியர். முன்னால் மூன்று பல்சக்கரம், பின்னால் ஏழு, பெருக்கினால் 21. அவற்றில் பாதிக்குப் பாதி ஒன்றுக்கொன்று சமமான கியர்கள். வேகத்தைத் தீர்மானிப்பது எண்ணிக்கை இல்லை, இருப்பதிலேயே பெரிய கியர் எது என்பதுதான். அந்த வண்டியில் முன்னே பெரியது 42 பல், பின்னே சின்னது 14. 42-ஐ 14-ஆல் வகுத்தால் 3. டயரின் சுற்றளவு 2.05 மீட்டர். அதாவது பெடல் ஒரு சுற்றுக்கு வண்டி 6.15 மீட்டர் போகும். நிமிஷத்துக்கு 100 சுற்று மிதித்தால் மணிக்கு 37 கிலோமீட்டர். 120 சுற்றுக்கு 44. பழகாத பையன் 120 சுற்றில் சீட்டில் குதிப்பான். அதற்கு மேல் கால்தான் சுற்றும், வண்டி போகாது.

முன்னே 50, பின்னே 11 பல் உள்ள ரோடு பைக்கில் 25 மி.மீ. டயர் போட்டால் ஒரு சுற்றுக்கு 9.5 மீட்டருக்கு மேல். ஆனால் அந்தக் கியரில் நின்ற இடத்திலிருந்து கிளம்ப முடியாது, முட்டியும் கெடும். 50-17-இல், அதாவது முன்னே 50, பின்னே 17 பல்லில் கிளம்ப வேண்டும். அதன் கணக்கைப் போட்டுப் பாருங்கள்: ஒரு சுற்றுக்கு 6.19 மீட்டர். மவுண்டன் பைக்கின் கடைசிக் கியர் இதுதான். அங்கே முடிகிற இடத்தில் இங்கே தொடங்கி, வேகம் ஏற ஏற இன்னும் இரண்டு மூன்று கியர் தட்டலாம். தட்டும்போது அரைச் சுற்று மிதியை இளக்க வேண்டும், இல்லாவிட்டால் செயின் துள்ளும்.

விலை குறைந்த ரோடு பைக்குகளிலும் பின்னே 14 பல்லில் தொடங்கும் ஃப்ரீவீல் (பின் பல்சக்கரம்) வருகிறது. 50-14 என்றால் 7.5 மீட்டர், 100 சுற்றுக்கு 45 கிலோமீட்டர். பள்ளிப் பையனுக்கு இதுவே தாராளம்.

அடுத்தது எடை. அந்த வண்டி 17 கிலோ. ஆரம்ப நிலை ரோடு பைக் 10, 11 கிலோவுக்குள் வரும். 55 கிலோ பையன் ஏறினால் மொத்தத்தில் பத்து சதவீத வித்தியாசம், ஒவ்வொரு கிளப்பலிலும் அதை அவன்தான் இழுக்க வேண்டும். அதைவிடக் கெடுதல் முன் சஸ்பென்ஷன். எழுந்து நின்று மிதிக்கும்போது முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் அமுங்கி அமுங்கி எழும், மிதிக்கிற பலத்தில் ஒரு பங்கு ஸ்பிரிங்குக்குள் போய்விடும். பூட்டும் வசதி இல்லாத ஃபோர்க்கில் இதற்கு மருந்தே கிடையாது. பின் சஸ்பென்ஷனும் இருந்தால் அந்த வண்டியைத் தொடவே வேண்டாம்.

நியாயமாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முதல் இருபது முப்பது மீட்டரில் மவுண்டன் பைக் அவ்வளவு பின்தங்காது. அகல ஹேண்டில்பாரைப் பிடித்து இழுத்துக் கிளம்பலாம். மண் மைதானம் என்றால் முண்டு முண்டாக இருக்கும் பட்டன் டயர்தான் பிடிக்கும், ரோடு டயர் வழுக்கும். தார் ரோட்டில் 25 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டிய பிறகு கதை மாறுகிறது. அங்கே எதிரி காற்று. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்கு. ஆனி, ஆடியில் தென்காசி ரோட்டில் மேற்கே பார்த்து மிதித்தவர்களுக்கு இது தெரியும்: 35-இல் போகிறவனுக்கு எதிரே 20 கிலோமீட்டர் மேல்காற்று அடித்தால், நெஞ்சில் மோதுவது 55 கிலோமீட்டர் காற்று. வளைந்த ஹேண்டில்பாரின் கீழ்ப்பிடியில் குனிந்தால் முதுகு தாழும். நிமிர்ந்த ஹேண்டில்பாரில் நெஞ்சே பாயாக நிற்கும்.

இனி அந்தக் கிராங்க். கழற்றிப் பார்த்தால் நடுவிலுள்ள சதுரத் துளையின் நான்கு மூலையும் உருண்டு, உள்ளே அலுமினியத் தூள் மினுமினுத்தது. இது மிதித்ததால் வருவதில்லை. பூட்டும்போது போல்ட்டை முழுதாக இறுக்காமல் விட்டால் வருவது. அந்தப் போல்ட்டுக்கு 35 முதல் 40 நியூட்டன் மீட்டர் முறுக்கு வேண்டும்; 20 செ.மீ. நீளக் கைப்பிடியின் முனையில் 18 முதல் 20 கிலோ பலத்தில் அழுத்துகிற அளவு. கையடக்க அலன் கீயால் அது வராது. துளை ஒருமுறை உருண்டுவிட்டால் எவ்வளவு இறுக்கினாலும் மறுபடி கழலும். புதுக் கிராங்க்தான் போட வேண்டும். கடைக்காரர் செய்ததோ, சுத்தியலால் நாலு தட்டு தட்டி, பசை ஊற்றி அனுப்பியது. ஸ்பிரிண்டில் கிராங்க் கழன்றால் பையன் முகம் தரையில்தான் விழும்.

வண்டியைக் கடையிலேயே பாருங்கள். ஃப்ரேம் குழாயில் காந்தத்தை வையுங்கள். ஒட்டினால் அது இரும்பு, அலாய் (அலுமினியக் கலவை) இல்லை. இந்த வண்டியில் ஒட்டியது. "ஷிமானோ" பிராண்ட் என்றது பின் டெரெய்லர் (செயினைப் பல் மாற்றித் தள்ளும் பாகம்) ஒன்று மட்டும். கிராங்க், ஃப்ரீவீல், பிரேக் எல்லாம் பெயரில்லாதவை. பின் சக்கரத்தைத் தூக்கி, செயினைப் பின்னால் உள்ள பெரிய பல்லில் போட்டு, டெரெய்லரைக் கையால் ஸ்போக்ஸ் பக்கம் தள்ளிப் பாருங்கள். பெரிய பல்லைத் தாண்டி நகர்ந்தால் அது அதற்கு மேல் போகாமல் நிறுத்தும் 'எல்' ஸ்க்ரூ சரியாக வைக்கப்படவில்லை என்று அர்த்தம். செயின் ஸ்போக்ஸில் விழுந்து சக்கரம் பூட்டிக்கொள்ளும். 26 இஞ்ச் என்பது சக்கரத்தின் அளவு, பையனின் அளவு இல்லை. ஃப்ரேம் அளவைத் தனியாகக் கேளுங்கள். குழாயின் இரு பக்கமும் கால் ஊன்றி நின்றால் கவட்டைக்குக் கீழே இடைவெளி இருக்க வேண்டும்.

அண்ணா பிறந்தநாள் சைக்கிள் போட்டிக்கு என்று கியர் வண்டி விற்பதும் நடக்கிறது. 10 முதல் 20 கிலோமீட்டர் வரை நடக்கும் அந்தப் போட்டிக்கு வழக்கமாகக் கேட்பது கியர் இல்லாத, சாதாரணக் கைப்பிடி உள்ள இந்தியச் சைக்கிள். அந்த ஆண்டு அறிவிப்பைப் படிக்காமல் எதையும் வாங்காதீர்கள். வீட்டுச் சைக்கிளில் பின்னே 18 பல் ஃப்ரீவீல் இருந்தால் 16 பல் போடலாமா என்று நடத்துபவர்களிடம் கேளுங்கள். முன்னே 44 இருந்தால் 44-16 ஒரு சுற்றுக்கு 6.1 மீட்டர் போகும், அந்த 16,500 ரூபாய் வண்டியின் கடைசிக் கியருக்குச் சமம். செயினை வெட்ட வேண்டியதில்லை. சக்கரத்தை ஆறு மி.மீ. பின்னே இழுத்தால் சரியாகிவிடும்.

ஏற்கெனவே மவுண்டன் பைக் வாங்கிவிட்டவர்கள் பட்டன் டயரைக் கழற்றி 26×1.5 வழவழப்பு டயர் போடுங்கள், பக்கவாட்டில் அச்சிட்ட அளவுக்கு மிகாமல் ஏர் அடியுங்கள். முன் பல்சக்கர செட்டை 48-38-28 பல்லாக மாற்றினால் 48-14 கிடைக்கும். செயின் நீளம் கூட்ட வேண்டியிருக்கும். முன் டெரெய்லரை உயர்த்தி, பெரிய பல்லுக்கு மேலே 1 முதல் 3 மி.மீ. இடைவெளி விட்டுப் பூட்டச் சொல்லுங்கள். ரோடு பைக் வாங்குகிறவர்கள் நம்மூர் ரோட்டுக்கு 28 மி.மீ. டயர் கேளுங்கள். உடைமுள் கிடக்கிற ஓரத்தில் இறங்கினால் எந்த டயரும் தாங்காது.

ஜிஎஸ்டி பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கு வரி 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது, பழைய கணக்கில் வாங்குகிறார்களா என்றும் பாருங்கள். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று கடை சொன்னால் பயப்பட வேண்டாம். பில்லில் வேறு காலக்கெடு இல்லை என்றால், பழுதான பொருளை 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கும்போது வாங்க மறுப்பது 2019 நுகர்வோர் சட்டப்படி முறையற்ற வணிகம். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் முதலில் புகாரைப் பதிவு செய்யுங்கள். தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 5 லட்சம் வரை மனுக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். கழன்ற கிராங்கைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். உருண்ட துளையையும், காந்தம் ஒட்டிய ஃப்ரேமையும், "அலாய்" என்று எழுதிய பில்லையும் ஒரே படத்தில் வருகிற மாதிரி எடுத்து வையுங்கள்.