நெல் கணக்குக்கு ஸ்விங்கா, எலெக்ட்ரானா? மேக்கில் எது தாங்கும்

மட்டக்களப்பு படுவான்கரையில் ஓர் அரிசி ஆலைக்கு நான் எழுதிக்கொடுத்த நெல் கொள்வனவு மென்பொருள், ஜாவாவில் திரைகளைக் கட்டும் கருவித்தொகுப்பான ஸ்விங்கில் ஓடுகிறது. முதலாளியின் மகன் அலுவலகத்துக்கு ஒரு மேக் மினியை இறக்கிவிட்டு, "மேக்கில ஜாவா முடிஞ்சுது அண்ணன், எலெக்ட்ரானில புதுசா எழுதுங்க" என்றார். எலெக்ட்ரான் என்பது இணையப்பக்க நுட்பத்தில் கணினிச் செயலி கட்டும் கருவி. நான் ஸ்விங்கிலேயே நின்றுவிட்டேன்.

அவர் சொன்னதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஆப்பிள் 2010 இல் தன் ஜாவாவைக் கைவிடுவதாக அறிவித்தது, அடுத்த வருடம் வந்த லயன் என்ற மேக் பதிப்பில் ஜாவா கூடவே வரவும் இல்லை. ஆனால் வேலை ஓப்பன்ஜேடிகே என்ற திறந்தமூல ஜாவாத் திட்டத்தின் கைக்குப் போனது. 2021 இல் வந்த ஜாவா 17, ஆப்பிளின் சொந்தச் சிப்பான ஆப்பிள் சிலிக்கனில் நேரடியாக ஓடுகிறது, ஆப்பிள் ஓரங்கட்டிய ஓபன்ஜிஎல் என்ற திரைவரைவு நுட்பத்துக்குப் பதிலாக ஆப்பிளின் மெட்டலும் அதிலேயே வந்துவிட்டது.

அழகில் எலெக்ட்ரான்தான், அதில் வாதமில்லை. பாரம் இரண்டிலும் உண்டு: எலெக்ட்ரான் செயலி குரோம் உலாவியின் அடித்தளமான குரோமியத்தைச் சுமக்கிறது, ஸ்விங் செயலி ஜாவாவின் ஜேபேக்கேஜ் கருவி கட்டித்தரும் ரன்டைமை, அதாவது ஜாவாவை ஓட்டும் பகுதியை. செயலியை மேக் தடுக்காமல் திறக்க வேண்டிய டிஜிட்டல் கையொப்பத்தை ஆப்பிளிடம் வாங்க வருடம் 99 டொலர், அதுவும் இரண்டுக்கும் பொது.

என்னை நிறுத்தியது பராமரிப்பு. எலெக்ட்ரானில் எட்டு வாரத்துக்கொரு பெரிய பதிப்பு, கடைசி மூன்றுக்குத்தான் ஆதரவு; அதாவது அரை வருடம்கூட முழுதாகத் தாங்காது. ஆலையிலோ பெரும்போக அறுவடையில் மூச்சுவிட நேரமிருக்காது, பிறகு சிறுபோக நெல் வரும்வரை அந்த மென்பொருளை யாரும் திறப்பதுமில்லை. ஒவ்வொரு போகத்துக்கும் முன்னால் நான் பதிப்பை ஏற்றி, தரவுத்தள மொடியூலைத் திரும்பக் கட்டி, ரசீது அச்சாகிறதா என்று பார்க்க வேண்டும், அதற்கு யார் காசு தருவார்? ஜாவாவில் நீண்டகால ஆதரவுப் பதிப்பு 17, 21, 25 என்று இப்போது இரண்டு வருடத்துக்கொரு தரம்தான் வருகிறது, இடையில் வரும் பாதுகாப்புத் திருத்தத்துக்கு ரன்டைமை மாற்றினால் சரி, என் கோடில் கைவைக்கத் தேவையில்லை. மூட்டை, நிறை, ஈரப்பதக் கழிவு, கிலோ விலை என்று என்டரைத் தட்டித் தட்டியே போகிற கணக்கப்பிள்ளைக்கு அந்தக் கட்டங்கள் இடம்மாறாமல் இருந்தாலே போதும், மவுஸை அவர் தொடுவதே இல்லை.

இன்டெல் சிப்புக்குக் கட்டிய பழைய ரன்டைமோடு, அதைப் புதிய மேக்கில் ஓடவைக்கும் ஆப்பிளின் ரொசெட்டாவை நம்பி இருப்பவர்கள் மட்டும் சீக்கிரம் மாறுங்கள், மேக்ஓஎஸ் 27க்குப் பிறகு அதன் முழு ஆதரவு இல்லை என்று ஆப்பிளே சொல்லிவிட்டது. ஜாவாவின் இன்னொரு திரைக் கருவித்தொகுப்பான ஜாவாஎஃப்எக்ஸை நான் சோதனைக்கு மேல் பாவித்ததில்லை, அதனால் அதைப் பற்றிப் பேசவில்லை. படமும் அசைவும் நிறைந்த செயலி என்றால் எலெக்ட்ரானுக்கே போங்கள்.

மகனுக்காக ஸ்விங்குக்கான ஃபிளாட்லாஃப் என்ற நவீன தோற்றத்தைப் போட்டு, மெனுவை மேக்கின் மேல்பட்டைக்கு ஏற்றிக்கொடுத்தேன். இப்போது அவர் கேட்பது கறுப்புத் தீம்.